எந்த ஈயம்?

2025 ஜனவரி 4, சனி, காலை 7.40

வீட்டில் ஜன்னல் பதினொன்று, கதவு ஏழு, கிரில் கேட் இரண்டு. மொத்தம் இருபது. இருபதிலும் ஒரே பச்சை. 1994-இல் வீடு கட்டியபோது அடித்ததன் மேல் அப்பா இரண்டு தடவை அடித்தது.

எண்ணியதற்குக் காரணம் இருக்கிறது. நேற்று நேயனின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஈயம், டெசிலிட்டருக்கு 19 மைக்ரோகிராம். ஐந்துக்குள் இருக்க வேண்டும். நேயன் என் அக்கா செண்பகவல்லியின் மகன். முழுப்பெயர் தேவநேயன், வயது ஒன்றே முக்கால். அத்தான் மஸ்கட்டில் வேலை பார்ப்பதால் அக்காவும் அவனும் இங்கே கோவில்பட்டியில் எங்களோடு இருக்கிறார்கள். ஒரு மாதமாக அவனுக்கு வயிறு சரியாகப் போகவில்லை. எந்நேரமும் சிணுங்கல். எதையாவது கடிக்கிறானா என்று டாக்டரம்மா கேட்டார். முன்ரூம் ஜன்னலைக் கடிப்பான் என்றாள் அக்கா. கடிப்பதாவது. சட்டம் முழுக்க அணில் கொறித்த மாதிரி பல் தடம்.

இந்த அளவுக்கு ஊசி மருந்து தேவையில்லை, ஈயம் எங்கிருந்து போகிறதென்று கண்டுபிடித்து நிறுத்துங்கள், இரும்புச்சத்தும் பாலும் கொடுங்கள், மார்ச்சில் மறுபடி பார்ப்போம் என்றார் டாக்டர். குறையாவிட்டால் என்ன ஆகும் என்று நேராகவே கேட்டேன். பேச்சு வருகிற வயது சார் இது, அதில்தான் முதலில் கை வைக்கும் என்றார். அக்கா அதற்கப்புறம் நேயனின் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

நான் பி.டெக். கெமிக்கல். தூத்துக்குடியில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு. இதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் உண்டு, பச்சையிலும் மஞ்சளிலும் அதிகம். அளக்க ஆள் வைக்க வேண்டும், எடுக்க ஆள் வைக்க வேண்டும். இரண்டு வாரம் போதும்.

அதே நாள், மாலை

பொங்கலுக்கு வெள்ளையடிக்க அப்பா ஏற்கெனவே பெயிண்டர் பால்ராஜ் அண்ணனிடம் சொல்லி வைத்திருந்தார். அவர் உப்புத்தாளோடு வந்து முன்ரூம் ஜன்னலைத் தேய்க்கப் போனார். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன். தேய்த்தால் தூள் பறக்கும், தூள்தான் ஆபத்து, பிள்ளை மூச்சில் போகும் என்று விளக்கினேன். அவர் முப்பது வருஷமாக இந்தத் தூளைத்தான் தின்கிறேன் என்றார். அதைப் பெருமையாகச் சொன்னார். அவரும் ஒரு டெஸ்ட் எடுப்பது நல்லது என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். அப்பாவும் கோபித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஜன்னல் கம்பிகளில் பழைய வேட்டியைச் சுற்றிக் கட்டினேன். நேயன் வேட்டியைக் கடிக்கிறான். முன்னேற்றம்.

ஜனவரி 5, ஞாயிறு

அக்கா ஒரு சந்தேகம் கேட்டாள். ஜன்னலை அவன் பல் முளைத்த நாளிலிருந்து கடிக்கிறானே, வயிறு இப்போதுதானே கெட்டது என்று. உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஒரு நாள் காட்டும் என்றேன். நியாயமான கேள்விதான், ஆனால் அவள் பி.காம்.

மதியம் நேயன் இரண்டு கிண்ணம் ரசம் சாதம் சாப்பிட்டான். நல்ல பசி. இன்னொரு கரண்டி ரசம் ஊற்றச் சொன்னேன்.

ஜனவரி 6, திங்கள்

ஆள் தேடும் படலம். மதிய இடைவேளையில் ஐந்து பேருக்கு போன் போட்டேன்.

பெயிண்ட் கடைக்காரரிடம் வீட்டில் லெட் டெஸ்ட் பண்ண வேண்டும் என்றேன். ஆள் அனுப்புகிறேன் என்றார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் எலக்ட்ரீஷியன் நிற்கிறார், தோளில் சீரியல் லைட் சுருளோடு. எல்இடி என்று நினைத்துவிட்டார்களாம். பொங்கலுக்கு மாட்டிவிட்டுப் போகட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். இப்போது வீட்டின் முகப்பு பச்சையும் சிவப்புமாக விட்டு விட்டு எரிகிறது.

கரப்பான்பூச்சிக்கு மருந்தடிக்கும் கம்பெனியிலும் கேட்டுப் பார்த்தேன். அதுவும் பண்ணுவோம் சார் என்றார்கள். எப்படி என்றேன். மருந்தடிப்போம் என்றார்கள்.

ஜனவரி 8, புதன்

லெட் என்றால் யாருக்கும் புரியவில்லை. ஆகவே தமிழில் இறங்கினேன். எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் போட்டது: 'வீட்டில் உள்ள ஈயத்தைப் பரிசோதித்து அகற்ற அனுபவமுள்ள ஆட்கள் தேவை.'

தெளிவான வாக்கியம். இதில் குழம்ப என்ன இருக்கிறது?

ஜனவரி 9, வியாழன்

குழம்பிவிட்டார்கள். பழைய இரும்புக்கடையிலிருந்து இரண்டு பேர் கிலோ என்ன விலைக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற ஒருவர் மொபெட்டில் துருத்தியோடு வந்து இறங்கி, எத்தனை உருப்படி என்று கேட்டார். நான் வேலைக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். மூன்று பித்தளைப் பானைகளைக் கொடுத்துப் பூசி வாங்கிவிட்டாள். நான் கூப்பிட்டது ஈயத்தை எடுக்க. வீட்டில் ஈயம் கூடியிருக்கிறது.

அது வெள்ளீயம், கெடுதல் இல்லை. இருந்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

நாலு நாளாக ரசம் வாயில் வைக்க விளங்கவில்லை. அப்பா கூடச் சொல்லிவிட்டார். விசாரித்தால், அம்மா எவர்சில்வரில் ரசம் வைக்கிறாள். ஈயச்சொம்பைப் பழைய புடவையில் சுற்றிப் பரணில் போட்டிருக்கிறாள். ஏன்? ஈயம், ஈயம் என்று நான் வீட்டில் கத்துகிறேனே, அதனால் பயமாம்.

சொம்பைப் பற்றி இங்கே குறித்துவைக்கிறேன். பழைய சொம்பு, அம்மா கல்யாணத்தில் வந்தது, போன தீபாவளியன்று அடுப்பில் உருகிப் போனது. தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்தது யார் என்பது இந்தக் குறிப்புக்குத் தேவையில்லை. ஈயம் சட்டென்று உருகும். திரும்பிப் பார்ப்பதற்குள் சொம்பு ஒரு கட்டியாகிவிட்டது. அந்தக் கட்டியை அப்பா செய்தித்தாள் பறக்காமலிருக்க மேலே வைத்திருக்கிறார். அடுத்த வாரமே நான் ஆன்லைனில் புதுச் சொம்பு வாங்கிக் கொடுத்தேன். பெட்டி மேலேயே 'நூறு சதவீதம் சுத்தமான ஈயம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அம்மா அதைத் தெருவில் நாலு வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டினாள்.

பரணிலிருந்து இறக்கி, அடுக்களை மேடையில் வைத்து, அம்மாவுக்கு வகுப்பெடுத்தேன். தமிழில் ஈயம் என்று இரண்டையும் சொல்வதுதான் பிரச்சினை. ரசச்சொம்பு வெள்ளீயம். பெயிண்டில் இருப்பது காரீயம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. பேரைக் கேட்டுப் பாத்திரத்தைப் பரணில் போடுவது படிக்காதவர்கள் செய்கிற காரியம் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

"சரிப்பா. நீ சொன்னாச் சரி."

இரவு ரசம் பிரமாதம். நேயன் கிண்ணத்தை நக்கினான்.

ஜனவரி 14, பொங்கல்

பச்சை மாறாத ஜன்னலோடு பொங்கல். வந்தவர்கள் எல்லாம் ஏன் வெள்ளையடிக்கவில்லை என்று கேட்டார்கள். அப்பா என்னைக் கையால் காட்டினார்.

ஜனவரி 16, வியாழன்

ஆள் கிடைத்தது. மதுரை நிறுவனம். தொழிற்சாலைகளுக்கு உலோகம் சோதித்துக் கொடுப்பவர்கள், பெயிண்ட் எடுக்கும் ஆட்களும் அவர்களிடமே இருக்கிறார்கள். போனில் பேசிய பெண்ணின் பெயர் ரெக்ஸலின். கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்று கேட்டேன். தேதி சொன்னார். சான்றிதழை அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அதில் ஒரு கேள்வி கேட்டேன். சனிக்கிழமை நேரில் வருவேன் சார், மிச்சத்தை அப்போது கேளுங்கள் என்று வைத்துவிட்டார். வேலை தெரிந்தவர் போலிருக்கிறது.

நேயனுக்கு இன்னும் வயிறு சரியில்லை. இன்றைக்கு மூன்று தடவை அழுதான்.

ஜனவரி 18, சனி

காலை பத்துக்கு ரெக்ஸலின் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சொந்த ஊர் தூத்துக்குடியாம். கருவி பார்க்கத் துளை போடுகிற மெஷின் மாதிரிதான் இருக்கிறது. மூக்கைச் சுவரில் வைத்து, துப்பாக்கி சுடுவது மாதிரி விசையை அழுத்தினால் இருபது விநாடியில் திரையில் எண் வரும். சுரண்ட வேண்டாம், உடைக்க வேண்டாம். நேயன் அவர் பின்னாலேயே நடந்தான். அவர் ஒவ்வொரு இடத்தில் வைக்கும்போதும் இவன் டிவி ரிமோட்டைப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தான்.

முன்ரூம் ஜன்னல்: ஒன்றைத் தாண்டக் கூடாது, 7.8. கிரில் கேட்: 6.1. மாடிக் கதவு: 5.5. இருபதில் பதினாறு தோல்வி. நான் சொன்னது சரி. அப்பாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, இதைத்தான் ரெண்டு தடவை அடிச்சேனா என்றார்.

பிள்ளைக்குப் பத்தொன்பது வருகிற அளவுக்கு இது போதுமா என்று ரெக்ஸலினிடம் அக்கா கேட்டாள். வரலாம்மா, ஆனா இந்தப் பெயிண்ட் பெருசா உதிரலையே, கடிச்ச இடத்தைத் தவிர எல்லாம் கெட்டியா இருக்கு என்றார். வேறு என்ன இருக்கிறது வீட்டில் என்று கேட்டார். பொம்மை, மஞ்சள் தூள், குங்குமம், கண் மை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தோம். எல்லாம் சுத்தம்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். இலை போட்டாயிற்று. அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. அம்மாவின் பயத்தை இன்றோடு முடித்துவிடலாம் என்று.

"மேடம், இந்தச் சொம்பையும் ஒரு தடவ சுட்டுப் பாத்திருங்க. எங்கம்மாவுக்கு நிம்மதியா இருக்கட்டும்."

ரசத்தை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, சொம்பு ஆறட்டும் என்று காத்திருந்தோம். கருவியில் உலோகத்துக்கான அமைப்பை மாற்றிக்கொண்டார். வைத்தார். இருபது விநாடி தேவைப்படவில்லை. மூன்றாவது விநாடியே எண் நின்றுவிட்டது.

காரீயம் 71 சதவீதம்.

மறுபடி சுடச் சொன்னேன். 71. அடிப்பக்கம் சுடச் சொன்னேன். 72. கருவியைச் சரிபார்க்கச் சொன்னேன். அவர் பையிலிருந்து, அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு உலோக வில்லையை எடுத்துச் சரிபார்த்துக் காட்டிவிட்டு, மறுபடி சொம்பில் வைத்தார். 71. அப்பா எங்கிருந்தோ அந்தப் பழைய கட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் வெள்ளீயம் 99.

புளி, தக்காளி, கொதி. காரீயத்தைக் கரைக்க இதைவிட நல்ல முறையை நானே வடிவமைத்திருக்க முடியாது. தினமும் இரண்டு கிண்ணம். நவம்பரிலிருந்து.

பெட்டியைத் தேடிப் படித்தேன். 'சுத்தமான ஈயம்'. எந்த ஈயம் என்று போடவில்லை. நானும் கேட்கவில்லை.

ரெக்ஸலின் மோர் சாதம் மட்டும் சாப்பிட்டார். போகும்போது, பெயிண்டையும் எடுத்துடணும் சார், அதுவும் வேலை பார்த்திருக்கு, ஆனா இது நின்னாலே பாதி குறையும் என்றார். அவர் நல்லவர்.

ஜனவரி 19, ஞாயிறு

மோர்.

ஜனவரி 21, செவ்வாய்

அம்மா இன்னும் திட்டவில்லை. காலையில் இட்லிக்கு இன்னொரு கரண்டி சட்னி வைக்கிறாள். திட்டினால் பதில் சொல்லலாம். சட்னியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

பெயிண்ட் எடுக்கும் ஆட்களுக்குத் தேதி குறித்தேன், பிப்ரவரி 1. சொம்பைப் பாலிதீனில் மூன்று சுற்றுச் சுற்றி மேலே 'தொடாதே' என்று எழுதி ஒட்டினேன். அந்த ஆன்லைன் கடைக்கு நாலு பக்கம் புகார் எழுதினேன். சொம்பைத் திருப்பி அனுப்பினால் பணம் தருகிறோம் என்று பதில் வந்தது. அதை வாங்கி வேறு வீட்டுக்கு விற்பார்கள். தர மாட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை. அவளாகவே ஆரம்பித்தாள். மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு எத்தனை நாள் அலையப் போறே, பிள்ளையே சிரிக்கிறான் என்றாள். அம்மாவிடம் அன்றைக்கே ஒழுங்காகச் சொன்னேன், வெள்ளீயம் வேறு காரீயம் வேறு என்று, அதில் தப்பில்லை, அம்மா அதைப் புரிந்துகொண்டுதான் சொம்பைத் திரும்ப எடுத்தாள் என்றேன்.

அக்கா சிரித்தேவிட்டாள்.

"லேய், உன் கெமிஸ்ட்ரி யாருக்குலே புரிஞ்சுது? ஆசையா வாங்கிக் குடுத்தத பரண்ல போட்டாளேன்னு உன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. அதப் பாத்துட்டுத்தான் அம்மா மறுபடி அடுப்புல வச்சா."

மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். தொட்டி சுத்தமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 1, சனி

அக்காவையும் நேயனையும் எட்டயபுரம் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலை ஆரம்பம். ஆட்கள் நாலு பேர், தலை முதல் கால் வரை வெள்ளை உறை, முகமூடி. தரை முழுக்க பாலிதீன் விரித்து ஓரங்களில் டேப் ஒட்டினார்கள். தண்ணீர் தெளித்துத் தெளித்து, ஈரம் காயாமல், பச்சையைச் சுரண்டி எடுத்தார்கள். ஒரு பொட்டுத் தூள் பறக்கவில்லை. வாசலில் தெருவே நின்றது. யாருக்கு என்ன நோய் என்று பின்வீட்டு மாமி அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டார். வீட்டுக்குத்தான் என்றாளாம் அம்மா.

நான் ஒரு ஜன்னலின் மூலையைச் சரியாகச் சுரண்டவில்லை என்று காட்ட உள்ளே போனேன். ரெக்ஸலின் என் செருப்பைப் பார்த்தார். வெளியே போங்க சார் என்றார். இந்த வீட்டுக்காரன் நான் என்றேன். அதனாலதான் போகச் சொல்றேன், பிள்ளையப் பாக்க அந்தச் செருப்போடத்தான் போவீங்க என்றார். போனேன்.

பிப்ரவரி 3, திங்கள்

அப்பா உதவி செய்கிறேன் பேர்வழி என்று வாரியலை எடுத்துக் கூட்டப் போனார். நாலு வெள்ளை உறைகளும் ஒரே நேரத்தில் அவரை நோக்கி ஓடின. அவர் வாரியலைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். அம்மா சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வாரத்தில் அம்மாவிடம் நான் கேட்ட முதல் சிரிப்பு.

பிப்ரவரி 5, புதன்

மறு அளவீடு. இருபதும் தேர்ச்சி. தரையைத் துடைத்த துணியையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, சுத்தம் என்று வந்தது. பால்ராஜ் அண்ணனைக் கூப்பிட்டு, ஈயம் இல்லாத பெயிண்ட் என்று டப்பாவில் போட்டிருப்பதை அவருக்கு முன்னாலேயே ரெக்ஸலின் மேடத்தின் கருவியில் சோதித்து, அப்புறம்தான் அடிக்கச் சொன்னேன். டப்பாவில் எழுதியிருப்பதை இனி நான் நம்புவதாக இல்லை. பால்ராஜ் அண்ணன், தம்பி என் ரத்தத்தையும் அதுல பாக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். அதில் முடியாது. ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போனேன்.

நிறம்: அம்மா தேர்வு. இளமஞ்சள். பச்சை வேண்டவே வேண்டாமாம்.

பிப்ரவரி 20, வியாழன்

நேயனுக்கு வயிறு நாலு நாளாகச் சரியாகப் போகிறது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. இன்று அலுவலகத்தில் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 22, சனி, காலை 11.10

11.

நேரத்தை எழுதவில்லை. நேயனின் எண். பத்தொன்பதிலிருந்து பதினொன்று. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நல்லா இறங்குது, இப்படியே போகட்டும், ஜூன்ல பாப்போம் என்றார். அக்கா அங்கேயே அழுதாள், ஜனவரியிலிருந்து சேர்த்து வைத்தது. நான் ஃபைலால் அவளுக்கு விசிறினேன்.

பேச்சைப் பற்றிக் கேட்டேன். எத்தனை வார்த்தை சொல்கிறான் என்றார் டாக்டர். அக்கா விரல் விட ஆரம்பித்தாள். அதற்குள் நேயன் மேஜையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை எடுத்து டாக்டரின் வயிற்றில் வைத்து, திரையைப் பார்ப்பது போலக் குனிந்து, கொஞ்சம் காத்திருந்து, தெளிவாகக் கேட்டான்: "ஈயம்?"

டாக்டர் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து எண்ணைச் சொன்னேன். அப்பா அந்தக் கட்டியை எடுத்துப் பேப்பர் மேல் சரியாக நகர்த்தி வைத்தார், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. அம்மா நேயனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். எவர்சில்வர் ரசம்தான் இன்றும். பழகிவிட்டது. அப்பாவுக்குப் பழகவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. ஜூன் பரிசோதனைக்கு இப்போதே டோக்கன் போடுவது. ஐந்துக்குக் கீழே வரும்வரை விடுவதில்லை.

2. எங்கள் நாலு பேருக்கும் ரத்தப் பரிசோதனை. ரசம் குடித்தவன் நேயன் மட்டுமில்லை. முதலில் அக்கா.

3. பாலிதீனில் சுற்றியிருக்கும் சொம்பை ரெக்ஸலின் மேடத்திடம் ஒப்படைப்பது. இன்னொரு அடுக்களைக்குப் போகாதபடி அவர்கள் அழிப்பார்கள். அழித்த சான்றிதழ் கேட்பது.

4. அப்பாவின் பேப்பர் மேல் இருக்கும் கட்டியைக் கும்பகோணத்துக்கு எடுத்துப் போய், பக்கத்திலேயே நின்று, மறுபடி சொம்பாக வார்த்து வாங்குவது. வேறு எதையும் கலக்க விடாமல் பார்ப்பது. வந்ததும் அளப்பது.

5. அதைத் தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைக்கக் கூடாது. (தீபாவளியன்று வைத்தது நான்.)

6. தெரு வாட்ஸப்பில் சொம்பு விஷயத்தைப் போடுவது. இந்தத் தடவை எந்த ஈயம் என்று எழுதிப் போடுவது.

7. அம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். போய்ச் சொல்வது. சொம்பு பரணிலேயே இருந்திருக்கலாம் என்று.

8. ஏழாவதை முதலில் செய்வது.